மலையைப் பார்த்து நடந்தவர்

1942 மே 10, ஞாயிறு

வெயில். காலை எட்டு மணிக்கே முற்றத்தில் கால் வைக்க முடியவில்லை. பூசை இல்லாத இன்னொரு ஞாயிறு. வீட்டிலேயே செபமாலை. நான் முன்பாதி சொல்ல, மாமா பின்பாதி சொல்ல வேண்டும். சொன்னார். சுவரைப் பார்த்துக்கொண்டு.

பூலுடையான்குளத்துக்கு வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. கொழும்பில் குண்டு விழுந்ததும் தூத்துக்குடியில் பாதித் தெரு காலி. திரேஸ்புரத்தில் எங்கள் வரிசையில் நாய்கள்தான் மிச்சம். சூ.வால் தோணியை விட்டு வர முடியாது. புன்னைக்காயலில் ஆற்றுக்குள் ஏற்றிக் கட்டிவிட்டு அங்கேயே காவல். (என்னைக் கட்டினவர் பேரை முழுதாக எழுதக் கை வரவில்லை. சூ. போதும்.) தன் அப்பாவையும் என்னையும் பெட்ரோல் பஞ்சத்தில் வந்த கரி பஸ்ஸில் ஏற்றி இந்த மலையடிவாரத்துக்கு அனுப்பிவிட்டார். மாமாவுக்கு நெஞ்சில் சளி, கடற்காற்று ஆகாது என்பது வெளியில் சொன்ன காரணம். குண்டு விழுந்தால் இவரைத் தூக்கிக்கொண்டு ஓட ஆள் இல்லை என்பது உள்ளே இருந்த காரணம்.

மாமாவுக்கு அதுதான் கோபம். நாற்பது வருஷம் தண்டலாக இருந்து தோணி நடத்தினவரைப் பெண்பிள்ளையோடு சேர்த்து மலைக்கு அனுப்பலாமா. கோபம் முழுக்க என்மேல். பழைய கோபமும் உண்டு. ஒரே மகன், தங்கை மகளைக் கட்டாமல் என்னைக் கட்டிவிட்டான் என்று. ஆறு வருஷமாக என் பேரைச் சொன்னதில்லை, என்னிடம் நேராகப் பேசினதும் இல்லை. "அவகிட்டச் சொல்லு." சூ.வும் அப்பாவிடம் பேசும்போது என்னை "அவ" என்றே சொல்லிப் பழகிவிட்டார். இங்கே சூ. இல்லை. ஆகவே வீட்டுச் சொந்தக்காரரின் ஆட்டிடம் சொல்லுகிறார்.

இன்று: "ஏ ஆடே, காப்பியில சீனி இல்லன்னு அவகிட்டச் சொல்லு."

நானும் ஆட்டிடம்: "சீனி ஊர்லயே இல்லன்னு சொல்லு. கருப்பட்டிதான்."

ஆடு இரண்டு பேர் நியாயத்தையும் கேட்டுக்கொண்டு வேலியைத் தின்றது.

மே 12, செவ்வாய்

சூ.வுக்குச் சொல்லி அனுப்ப வேண்டியவை: கருவாடு, சாளை போதும். மாமாவின் கம்பளி. மண்ணெண்ணெய் கிடைத்தால். என் தையல் ஊசிப் பெட்டி, மேல் அலமாரியில். சுருட்டு மட்டும் அனுப்பக் கூடாது, டாக்டர் சொன்னது நினைவிருக்கட்டும்.

வீட்டுச் சொந்தக்காரரைக் கடை அண்ணாச்சி என்றால்தான் ஊரில் தெரியும். முன்பக்கம் அவருடைய பலசரக்குக் கடை. பின்பக்கம் இரண்டு அறை எங்களுக்கு. நான் குசினி என்றால் அவர் சம்சாரம் பேச்சி அக்கா விழுந்து விழுந்து சிரிக்கிறாள். "அடுப்படின்னு சொல்ல வாய் நோவுதா?" அக்கா மலைக்கு அந்தப் பக்கம் காரையடியில் பிறந்து இந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள்.

இருப்பது ஒரே மலை. சுற்றியுள்ள ஒவ்வொரு ஊரும், மலை தன்னைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கிறது என்கிறது.

பே. அக்கா: "எங்கூர்ல இருந்து பாத்தாத்தான் மலைக்கு மொகம் தெரியும். இங்கன இருந்து பாத்தா வெறும் முதுவு."

அண்ணாச்சி தராசைப் பிடித்தபடியே: "அந்த முதுவுதான் சோறு போடுது. மழத்தண்ணி இந்தப் பக்கமா எறங்குதா, ஒங்கப்பன் ஊர்ப் பக்கமா எறங்குதா?"

தினமும் இந்த வழக்கு. தீர்ப்பு கிடையாது. எனக்கு இரண்டு பேரையும் பிடித்திருக்கிறது.

மாமாவிடமும் ஒரு மலை உண்டு. கடலில் இருந்து தெரிவது. கரை தெரிவதற்கு முன்னால் அதுதான் தெரியும். இரண்டு உச்சி, நடுவில் பள்ளம். எங்கள் கரையில் "ரெட்டைத் திமில்" என்போம். இங்கே யாருக்கும் அந்தப் பேர் தெரியாது. மலையின் காலடியில் வந்து நின்றால் திமிலும் தெரியவில்லை, பள்ளமும் தெரியவில்லை, கல்லும் உடைமரமுமாக ஒரு சரிவு. வந்த அன்று மாமா அதை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இது அந்த மலை இல்ல" என்று சொல்லிவிட்டார். ஊர்ப் பேரையும் இன்றுவரை நாக்கில் எடுக்கவில்லை. அவருக்கு இது "மலையடி". இருக்கப் போகிற ஊர் இல்லையாம், பேர் எதற்கு.

சாயங்காலம் இங்கே சீக்கிரம் வந்துவிடுகிறது. மலை மேற்கே இருப்பதால் நாலு மணி தாண்டினதும் நிழல் முற்றத்தில் ஏறுகிறது. கொசுவும்.

மே 13, புதன்

காலையில் சரிவில் வெளிமான்கள். கூட்டமாக நின்று ஊரைப் பார்த்தன. மாமாவும் பார்த்தார். "ஆட்டுக்குச் சொந்தக்காரங்க போல" என்று யாரிடமும் இல்லாமல் சொன்னார். சிரித்துவிட்டேன். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நுங்கு. பதநீர். இருமல் பரவாயில்லை.

மே 15, வெள்ளி

சுத்தபோசனம். இறைச்சி கூடாது. மற்ற நாளில் மட்டும் இருந்து கிழிகிறதாக்கும்.

பே. அக்காவோடு விறகு பொறுக்க மலைக்குப் போனேன். ஏற ஏற மலை கெட்டியாகிறது. கீழே மண், அப்புறம் சரளை, அப்புறம் பாறை. காரை முள் சேலையை மூன்று இடத்தில் கிழித்தது. பாதி வழியில் ஒரு ஊற்று, கை அகலம். மேலே இரண்டு உச்சிக்கும் நடுவில் பள்ளம். அதன் வழியாகத்தான் மேற்குப் பக்கத்து ஊர்களுக்கு ஒற்றையடிப் பாதை. மாமா சொல்லும் பள்ளம் இதுதான். நின்று தொட்டுப் பார்த்தேன். கல்தான்.

மேற்கே ஆறு, ஆற்றோரம் பச்சை, வயல்கள். கிழக்கே பனை, பனை, அதற்கப்புறம் ஒரு வெளுத்த கோடு. அக்காவிடம், "அன்னா, கடல்" என்றேன். அக்கா கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டு, "வேட்டி காயப்போட்ட மாதிரி இருக்கு" என்றாள். நான் விறகை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றேன். வீட்டு நினைப்பு இவ்வளவு இருந்தது என்று அதுவரை தெரியாது.

அக்கா சொன்ன வழக்கம் ஒன்று. மலையைத் தாண்டி வாழ்க்கைப்படும் பெண் இந்தப் பள்ளத்தில் நின்று பிறந்த ஊரை ஒரு தடவை திரும்பிப் பார்க்கலாம். இறங்கத் தொடங்கின பிறகு திரும்பக் கூடாது. "நான் திரும்பாம எறங்கினேன்னு எல்லாரும் மெச்சுனாவ. எங்கன திரும்ப? இவிய பின்னாலயே நின்னு முழுசா மறச்சிட்டாவ." அப்போதே அண்ணாச்சி அகலமாம்.

வந்ததும் கடல் தெரிந்ததை ஆட்டிடம் சொன்னேன். மாமா கட்டிலை விட்டு எழுந்து குசினி வாசல் வரை வந்தார். "பாய் ஏதாச்சும் தெரிஞ்சுதான்னு கேளு."

ஒரு தோணிப் பாயும் தெரியவில்லை. கோடு மட்டும்தான் என்றேன். திரும்பிப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். என்னோடு பேச வந்தவர் போலத்தான் இருந்தது.

மே 16, சனி

மாமா மலைக்குப் போக வேண்டுமாம். மாட்டேன் என்றேன். ஏறினால் நெஞ்சு தாங்காது. ஆடு மூலமாகவே இரண்டு மணி நேரம் சண்டை. ஆடு பாதியில் போய்விட்டது. சண்டை நிற்கவில்லை.

மே 18, திங்கள்

நல்ல நாள் இல்லை.

பாயை உதறும்போது அடியில் ஒரு கட்டுச் சுருட்டு. அண்ணாச்சி கடையில் எனக்குத் தெரியாமல் வாங்கியிருக்கிறார். ராத்திரி முழுக்க இருமினது இதனால்தான். எடுத்து அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தேன். அவர் தேடினார். கட்டிலின் கீழ், கூரையில், என் துணிப்பெட்டியில்கூட. ஒரு பொழுது முழுவதும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நானே சொன்னேன், எடுத்தது நான்தான், இருக்கிற இடத்தைச் சொல்லப் போவதில்லை என்று. குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. "குண்டுக்குத் தப்பி வந்து சுருட்டுக்குச் சாவணுமா?"

அவர் ஆட்டைத் தேடினார். ஆடு மேய்ச்சலில். சுவரிடம் சொன்னார்: "இவ யாரு எனக்குச் சொல்ல? எனக்குப் பொறந்தவளா? நாளைக்கே எம் மவன்கிட்டப் போயிருதேன்."

அழவில்லை. அரிசி களைந்தேன். மாமாவுக்குப் பெண்பிள்ளை கிடையாது, பெண்பிள்ளையிடம் எப்படிப் பேசுவது என்று பழகவில்லை என்று ஆறு வருஷமாக எனக்கு நானே சமாதானம் சொல்லி வந்திருக்கிறேன். இன்று அது உதவவில்லை. வலித்தது.

குழம்பில் புளி கூடிவிட்டது.

மே 19, செவ்வாய்

மாமாவைக் காணவில்லை.

விடியுமுன் எழுந்து போயிருக்கிறார். கட்டிலில் போர்வை மடித்து வைத்திருக்கிறது. கம்பு இல்லை, துண்டு இல்லை, செபமாலை இல்லை. மேகமூட்டம், மேல்காற்று. எங்கள் கரையில் இதைக் கச்சான் என்போம். மண்ணை வாரி அடிக்கிறது. கால்தடம் ஒன்றும் நிற்கவில்லை.

மகனிடம் போகிறேன் என்று நேற்றே சொன்னார். ஆகவே கிழக்கே போயிருப்பார். அண்ணாச்சி கடையை அடைத்துவிட்டு சைக்கிளில் ரோட்டோடு போனார். அவர் கடையை அடைத்து நான் பார்த்ததில்லை. வழியிலுள்ள ஊர் எல்லாம் கேட்டுவிட்டார். பனையேறிகளிடம் கேட்டார், அவர்கள் மேலே இருந்து எல்லாவற்றையும் பார்க்கிறவர்கள். ஒருவரும் பார்க்கவில்லை. கரி பஸ் டிரைவரிடம் சூ.வுக்குச் சேதி சொல்லிவிட்டோம்.

கிணறுகளை எட்டிப் பார்த்தேன். எட்டிப் பார்க்கும்போதெல்லாம் கண்ணை ஒரு நொடி மூடிக்கொண்டுதான் பார்த்தேன்.

சாப்பிடவில்லை. பே. அக்கா திட்டி, ஒரு வாய் நீச்சத்தண்ணி குடிக்க வைத்தாள். "பெரியவரு கடல்ல தொலையாதவரு, கரையில தொலைவாராக்கும்" என்கிறாள். கடலில் தொலையாதவர்தான். கடலில் நான் கூட இல்லை, சுருட்டை ஒளித்து வைக்க.

மே 20, புதன்

தூக்கம் இல்லை.

காலையில் தயிர்க்கார முத்தக்கா வந்தாள். தினமும் காரையடியில் இருந்து மலைப் பள்ளம் வழியாக இறங்கி வருகிறவள். தயிரை ஊற்றிக்கொண்டே, "எங்கூர்ல ஒரு பெரியவரு வந்து கெடக்காராம்மா. கீழத்தெருவுல சொன்னாவ. மக வீட்டத் தேடி வந்தவராம். ஊர்ப் பேரு சொல்லத் தெரியலயாம்."

பெரியவர் என்றதும் நிமிர்ந்தேன். மகள் வீடு. எங்கள் மாமாவுக்கு ஏது மகள். அதுவும் மலைக்கு அந்தப் பக்கம். கடலுக்குக் கிளம்பினவர் அங்கே எதற்குப் போகிறார். "இல்லக்கா, இவரு வேற. இவருக்குப் பொம்பளப் பிள்ளையே கிடையாது" என்றேன். முத்தக்கா சும்மாட்டைச் சரிசெய்துகொண்டு போனாள்.

எந்த ஊரிலோ ஒரு மகள் என்னைப் போலக் கிணறு கிணறாக எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்தேன். அவளுக்காக ஒரு அருள் நிறைந்த மரியே சொன்னேன்.

மத்தியானம் பஸ் டிரைவர்: மாமா புன்னைக்காயலுக்கு வரவில்லை. தூத்துக்குடி வீடும் பூட்டிக் கிடக்கிறது. சூ. கடற்கரை ரோட்டில் தேடப் போயிருக்கிறார்.

என்னை நம்பித்தான் அப்பாவை அனுப்பி வைத்தார். அவருக்கு என்ன பதில் சொல்வேன். ஆட்டைப் பார்க்கவே பிடிக்கவில்லை. கட்டிப் போட்ட இடத்தில் மாமா கட்டிலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

மே 21, வியாழன்

ராத்திரி ரொம்ப ஆகிவிட்டது. ஆனால் எழுதிவிட வேண்டும்.

காலை. முத்தக்கா மறுபடியும். இந்தத் தடவை வாசலிலேயே சிரித்துக்கொண்டு வந்தாள். "அந்தப் பெரியவரு போடுத போடு கேட்டியளா. ஆட்டுக்கார வெயிலாச்சி வீட்டுலதான் இருக்காரு. சோறு எறங்கலயாம். எம் மக இப்படிக் கொழையவிட மாட்டாங்காராம். ஊரு எதுய்யான்னு கேட்டா மலையடிங்காராம். மலையச் சுத்தி அம்புட்டு ஊரும் மலையடிதான? சரி, மக எப்படின்னு கேட்டிருக்கா வெயிலாச்சி. பொல்லாதவ, எஞ் சுருட்ட எங்கயோ ஒளிச்சு வச்சிட்டு எடத்தச் சொல்ல மாட்டேங்கான்னாராம்."

தயிர்ச் சட்டியைக் கீழே வைத்தேன். அது நினைவிருக்கிறது. அதற்கப்புறம் நானும் கீழே உட்கார்ந்துவிட்டேன். அக்கா ஓடி வந்து, "என்னளா பிலோமி, என்னளா" என்கிறாள். சுருட்டைப் புதைத்த அரிசிப் பானையைக் காட்டினேன். அவளுக்கு என்ன புரியும்.

நேற்று நான் செபம் சொன்னது எனக்காகத்தான். ஒரு முழு நாள் அவரை அங்கே காக்க வைத்துவிட்டேன். வேண்டுமென்றா செய்தேன். என்னை மகள் என்று தேடுவார் என்று எனக்கு எப்படித் தெரியும்.

அக்காவும் நானும் மலை ஏறினோம். வெள்ளிக்கிழமை பாதி வழியில் மூச்சு வாங்கின நான், இன்று எங்கேயும் நிற்கவில்லை. பள்ளத்தில் வந்தபோது கடலைத் திரும்பிப் பார்க்கவும் தோன்றவில்லை. அந்தப் பக்கம் இறக்கம், கால் வழுக்கியது. காரையடி மலை நிழலில் இருந்தது. நாங்கள் வெயிலில் கிளம்பினோம், அங்கே அப்போதுதான் விடிந்தது போல இருக்கிறது. கோழி மேய்கிறது, பெண்கள் வாசல் பெருக்குகிறார்கள்.

வெயிலாச்சி வீடு. வேலிக்கு இந்தப் பக்கமே மாமாவின் இருமல் கேட்டது. இருமலைக் கேட்டு இவ்வளவு சந்தோஷப்பட்டது நானாகத்தான் இருக்கும். கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முழங்காலில் பச்சிலைக் கட்டு. வெயிலாச்சி வாட்டசாட்டமான பெண், குரலும் அப்படி. மேற்குச் சரிவில் முழங்கால் சிராய்த்து உட்கார்ந்திருந்தவரை அவள்தான் ஆட்டோடு ஆடாக ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறாள்.

என்னைப் பார்த்ததும் மாமா வாய் திறந்தார். மூடினார். அவர் கண் ஆட்டைத் தேடுகிறதோ என்று எனக்குத் தோன்றியது. அந்த முற்றத்தில் ஆட்டுக்குப் பஞ்சமே இல்லை.

வெயிலாச்சி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "பெரியவரே, இதான் ஒம்ம மகளா?"

பக்கத்து வீட்டு ஆட்கள் நாலைந்து பேர் வேலியோரம். பே. அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள், அவளுக்கு உண்மை தெரியும். நான் தரையைப் பார்த்தேன். மருமகள் என்று திருத்திச் சொல்லிவிடலாமா என்று வாய் வரை வந்தது. சொன்னால் அவருக்கு எளிதாகிவிடும்.

மாமா கம்பைத் தேடி எடுத்து, ஊன்றி எழுந்து, "பின்ன?" என்றார்.

அவ்வளவுதான். அப்புறம், மலை ஏறி நடந்து வந்ததற்காக என்னை அதட்டும்படி வெயிலாச்சியிடம் சொன்னார்.

முழங்காலோடு மலை ஏற முடியாது. அக்காவின் அண்ணன் வண்டி பூட்டினார். மலையைச் சுற்றிக்கொண்டு தெற்கு வழியாக வர ஒரு பகல் ஆயிற்று. ஊர் ஊராக வண்டி நின்றது. ஒவ்வொரு ஊரிலும் விசாரிப்பு. "காணாமப் போனது இவியதானா?" ஒரு ஊரில் மோர். ஒரு ஊரில் நுங்கு. ஒரு ஊரில் வண்டியை மறித்து, அவர்கள் ஊரில் இருந்து பார்த்தால்தான் மலை யானை மாதிரி இருக்கும் என்று காட்டினார்கள். பார்த்தோம். யானை மாதிரி இல்லை. இருக்கிறது என்று சொன்னோம்.

வழியில்தான் மாமா சொன்னார். யாரிடம் சொன்னார் என்றால், மாட்டிடமும் இல்லை, வண்டிக்காரரிடமும் இல்லை. வண்டிக்கு வெளியே பார்த்துக்கொண்டு, ஆனால் எனக்கு.

"இருட்டோட வெளிய வந்தேன். தெசை தெரியல. மலை மட்டும் கறுப்பாத் தெரிஞ்சுது. நாப்பது வருசம். எங்க கெடந்தாலும் மலை தெரிஞ்சா மூக்க அதுக்கு நேரா வச்சிரணும். வீடு வந்துரும். கால் தானா நடந்துட்டு."

கடலில் இருந்து வருகிறவனுக்கு மலைப் பக்கம் வீடு. இங்கே மலைக்கு முதுகைக் காட்டி நடந்தால்தான் வீடு. அது எனக்கே இப்போதுதான் உறைத்தது.

"விடிஞ்ச பொறவாவது தெரியலியா மாமா?"

"தெரிஞ்சுது. அதுக்குள்ள பாதி ஏறியாச்சு. தண்டல் பாதியில திரும்பினா மானக்கேடு. மேல போயி கடலப் பாத்துட்டு எறங்குவோம்னு பாத்தா, மேகம். ஒண்ணும் தெரியல. எந்தப் பக்கம் எறங்கினேன்னு மாதாவுக்குத்தான் வெளிச்சம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கினேன். அவரும் அடக்கினார் என்றுதான் நினைக்கிறேன், மீசை ஆடியது.

மகள் என்று ஏன் சொன்னார் என்று கேட்கவில்லை. கேட்டால், ஊர்க்காரர்களுக்கு விளக்கம் சொல்ல நேரமில்லை என்பது போல ஏதாவது சொல்லி அதைக் கெடுத்துவிடுவார். எனக்குத் தெரிந்தது போதும். மகனிடம் போகிறேன் என்று கிளம்பின மனிதர் வழி தவறி உட்கார்ந்தபோது, மகனையும் கேட்கவில்லை, தோணியையும் கேட்கவில்லை. என் வீட்டைக் கேட்டிருக்கிறார்.

ஊர் வந்து இறங்கும்போது, "நீ ஏதாச்சும் சாப்டியா?" என்றார். நீ. திரும்பிப் பார்த்தேன், அக்காவைக் கேட்கிறாரோ என்று. அக்கா தூங்கிவிட்டிருந்தாள்.

இல்லை என்றேன். இரண்டு நாளாக இல்லை என்று சொல்லவில்லை.

மே 22, வெள்ளி

முழங்கால் வீக்கம் வற்றுகிறது. மஞ்சள் பற்று. இருமல் உண்டு.

சூ.வுக்குப் பஸ்ஸில் சேதி போய்விட்டது.

அண்ணாச்சி கடை திறந்தார். மூன்று நாள் வராத ஆட்கள் எல்லாம் மொத்தமாக வந்தார்கள், சாமான் வாங்க அல்ல, மாமாவைப் பார்க்க. மலை இருட்டில் எப்படி இருந்தது, அந்தப் பக்கத்து ஆட்கள் சோறு போட்டார்களா, என்ன குழம்பு. மாமா ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கதை. சாயங்காலத்துக்குள் வெளிமான் கூட்டம் அவரைச் சுற்றி நின்று வழி மறித்தது வரை வந்துவிட்டது. அண்ணாச்சியிடம் மட்டும் தனியாக, "மலைக்கு மொகம் அந்தப் பக்கந்தான் அண்ணாச்சி. நான் பாத்துட்டேன்" என்று சொல்லி வைத்தார். அண்ணாச்சி அதை இன்னும் அக்காவிடம் சொல்லவில்லை. சொல்ல மாட்டார்.

மே 23, சனி

வெக்கை. மலை உச்சியில் மேகம் முக்காடு போட்டிருக்கிறது. பெய்யும் என்கிறார்கள். பெய்யவில்லை.

சுருட்டை எடுத்து அண்ணாச்சியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மாமா பார்த்துக்கொண்டிருந்தார். "அரிசிக்குள்ளயா" என்று மட்டும் முணுமுணுத்தார், தோற்றுப்போனவர் போல.

குழம்பில் புளி சரி.

மே 24, ஞாயிறு

சூ. வந்தார். பாதி வழி பஸ், பாதி வழி நடை. முகம் கறுத்து, கண் குழிந்து. தூங்கவே இல்லை போல. கருவாடு கொண்டு வந்தார், கம்பளி கொண்டு வந்தார், ஊசிப் பெட்டியை மறந்துவிட்டார். அப்பாவை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். முழங்காலைத் தொட்டுப் பார்த்தார். என்னிடம், "பயந்துட்டியா?" என்றார். இல்லை என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய் அழுதேன். போன திங்களில் இருந்து பாக்கி வைத்திருந்தது எல்லாம் சேர்த்து.

நடந்ததை எல்லாம் பே. அக்காதான் சொன்னாள். மகள் விஷயத்தை மட்டும் நான் கண்ணைக் காட்டி நிறுத்தினேன். அது சொல்லி வருகிற காரியம் இல்லை. அக்காவுக்கு வயிறு வெடித்துவிடும் போல இருந்தது. ஆனாலும் நிறுத்தினாள்.

மத்தியானம் சாப்பாடு. சாளைக் கருவாட்டுக் குழம்பு. மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து பல நாள் ஆயிற்று. நான் பரிமாறினேன். சூ. வழியெல்லாம் யோசித்து முடிவு செய்துகொண்டு வந்திருக்கிறார். அப்பாவுக்கு இங்கே இருக்க மனசில்லை, இன்னொரு தடவை கிளம்பினால் யார் தேடுவது, ஆகவே புன்னைக்காயலுக்குக் கூட்டிக்கொண்டு போய் தோணியோடு வைத்துக்கொள்வது. குண்டு விழுந்தால் விழட்டும்.

எனக்குக் கை நின்றுவிட்டது. அகப்பை குழம்புக்குள்ளேயே.

"அப்பா, யோசிச்சுச் சொல்லுங்க" என்றார் சூ. "எங்கூட வாரியளா, இல்ல அவகூட இங்கனயே இருக்கியளா?"

மாமா கருவாட்டில் முள் எடுத்துக்கொண்டிருந்தார். எடுத்து முடித்து, இலையோரம் வைத்து, அப்புறம்தான் தலையைத் தூக்கினார்.

"அவ என்னல அவ? கட்டினவளுக்குப் பேரு கெடையாதா?"

சூ. சோற்றை விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. என்னைப் பார்த்தார். நான் குழம்பைப் பார்த்தேன்.

பேரை மட்டும் மாமாவும் சொல்லவில்லை.